நண்பர் ஒருத்தருக்காக எடுக்கிறன்

தொலைபேசியில் கதைத்து ஆட்களின் குடியைக் குறைப்பது என்னுடைய வேலை. இத்தனை காலத்தில் தனக்குக் குடிப் பிரச்சினை இருக்கிறது என்று சொல்லிக்கொண்டு ஒரு தமிழர்கூட முதல் தடவை ஃபோன் எடுத்ததில்லை.

எல்லாரும் நண்பருக்காக எடுப்பார்கள். மச்சானுக்காக எடுப்பார்கள். வேலையிடத்தில் நிற்கிற ஒரு பெடியனுக்காக எடுப்பார்கள். ஒருவர் பக்கத்து வீட்டு வெள்ளைக்காரருக்காகத் தமிழில் ஆலோசனை கேட்டார். மெல்பனில் இருக்கிற தமிழர்கள் ஒருவர் மற்றவருடைய ஈரலைப் பற்றி இவ்வளவு கவலைப்படுகிறார்கள் என்பது இந்த வேலைக்கு வந்த பிறகுதான் எனக்குத் தெரியவந்தது.

நான் படித்தது எட்டாம் வகுப்பு. டண்டினோங்கில் கோழி வெட்டிப் பொதி செய்கிற தொழிற்சாலையில் கை விறைத்துப் போகும்வரை நின்றேன். அதற்குப் பிறகு, தமிழ் கதைக்கிற, இலேசில் கோபம் வராத ஒரு ஆள் தேவை என்று இந்தச் சேவைக்காரர் தேடினார்கள். இரண்டாவது தகுதி எனக்கு இருக்கிறதா என்று என் பிள்ளைகளிடம் கேட்காமலே எடுத்துவிட்டார்கள். பயிற்சி தந்தார்கள். பக்கத்து மேசையில் லெஸ்லி என்று ஒரு தாதி இருக்கிறாள். உடம்பு, மருந்து சம்பந்தமானது எல்லாம் அவளுடைய பொறுப்பு. கதை என்னுடைய பொறுப்பு.

பிறந்தநாள் விழாவில் கேக் வெட்டுகிற நேரம், மண்டபத்துக்கு வெளியே கார் பார்க்கில் யாருடைய காரின் பின்பெட்டியில் போத்தல் திறந்திருக்கிறது என்று பார்த்துப் பார்த்து மனிசனைத் தேடித் திரிந்த ஆட்கள்தானே நீங்களும். உங்களுக்கு நான் அதிகம் விளங்கப்படுத்தத் தேவையில்லை. ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். இதில் வருகிற பெயர் ஒன்றும் உண்மைப் பெயர் இல்லை. உங்கள் வீட்டு ஆளைப் போல ஒருவர் வந்தால் அது அவர் இல்லை. அப்படிப் பலபேர் இருக்கிறார்கள்.

எக்கோ

பயிற்சியில் முதலில் சொல்லித் தந்தது, எடுக்கிறவருக்குப் புத்தி சொல்லக்கூடாது என்பது. என் வயதில் ஒரு தமிழ் மனிசிக்கு இதைவிடக் கஷ்டமான வேலை கொடுக்க முடியாது. புத்திக்குப் பதிலாக, அவர் சொன்னதை எங்கள் வாயால் அவருக்கே திருப்பிச் சொல்லவேண்டுமாம். தன்னுடைய கதை தனக்கே கேட்கும்போது ஆள் நின்று யோசிக்குமாம். லெஸ்லி இதைச் செய்தால் கேட்டுக்கொண்டே இருக்கலாம். அவள் மெல்லமாக ஒரு வசனத்தைத் திருப்பிச் சொல்ல, அந்தப் பக்கத்தில் ஆட்கள் விம்மி விம்மி அழுவார்கள்.

என்னுடைய முதல் ஆள் பொயிண்ட் குக்கில் இருந்து ஒரு தம்பி. தமிழ்நாட்டுப் பிள்ளை, கம்ப்யூட்டர் வேலை. அவரும் நண்பருக்காகத்தான் எடுத்தார், ஆனால் கொஞ்ச நேரத்தில் நண்பரை மறந்துபோய்த் தன்னுடைய கதையைச் சொல்லத் தொடங்கிவிட்டார். வேலை முடிந்தால் ஒரே டென்ஷன் என்றார். வேலை முடிந்தால் உங்களுக்கு ஒரே டென்ஷன் என்றேன். மனைவிக்குத் தெரியாமல் காருக்குள் இருந்து பியர் குடிக்கிறாராம். மனைவிக்குத் தெரியாமல் காருக்குள் இருந்து குடிக்கிறீர்கள் என்றேன். காலையில் எழும்பினால் தன்னைப் பார்க்கத் தனக்கே பிடிக்கவில்லையாம். அதையும் குரலைத் தாழ்த்தி, லெஸ்லியைப் போலவே, திருப்பிச் சொன்னேன்.  அழப்போகிறார் என்று நினைத்து நான் கதிரையில் நிமிர்ந்து இருந்தேன்.

"மேடம், லைன்ல எக்கோ அடிக்குது. கட் பண்ணிட்டு வேற ஃபோன்லேர்ந்து கூப்பிடட்டுமா?"

கேட்டுச் சொல்லுறன்

இவரைத் தயா என்று வைத்துக்கொள்வோம். ரோவிலில் வீடு, ஐம்பதுக்குக் கிட்ட வயது, ஒரு வேர்ஹவுசில் ஃபோர்மன். நல்ல மரியாதையான குரல். அன்ரி, நண்பர் ஒருத்தருக்காக எடுக்கிறன் என்றுதான் தொடங்கினார். நண்பர் அருமையான மனிசனாம். மனைவி தங்கமாம். பிள்ளைகள் இரண்டும் கெட்டிக்காரராம். வேலையால் வந்தால் மட்டும் விஸ்கிப் போத்தலோடு இருப்பாராம், படுக்கப் போகும்வரைக்கும். தன்னைப் பற்றி இவ்வளவு நல்லதாகச் சொல்லக் கிடைக்கிற சந்தர்ப்பம் ஒரு மனிசனுக்கு இலேசில் வராது. அதனால் நான் குறுக்கிடவில்லை.

இடையில், நண்பருக்குக் காலையில் கை நடுங்குமோ என்று கேட்டேன். சும்மா கேட்கிற கேள்வி இல்லை அது. காலையில் கை நடுங்குகிறது என்றால் உடம்பு குடிக்குப் பழகி, அது இல்லாமல் இயங்க மாட்டேன் என்று நிற்கிறது என்று அர்த்தம். அப்படிப்பட்டவர் டொக்டரைக் காணாமல், மருந்து இல்லாமல், தன் பாட்டில் ஒரேயடியாக நிப்பாட்டினால் வலிப்பு வரும், உயிரும் போகலாம். லெஸ்லி இதை எனக்குப் படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறாள். நானும் அவளைப் போல நூறு பேரிடம் சொல்லியிருப்பேன். குடித்தால் சாவு என்பதை எங்கள் ஆட்கள் உடனே நம்புவார்கள். நிப்பாட்டினாலும் சாவு வரலாம் என்பதை ஒருவரும் நம்புவதில்லை.

தயா கொஞ்சம் யோசித்தார். பொறுங்கோ அன்ரி, அவரிட்டைக் கேட்டுச் சொல்லுறன் என்று ஃபோனைக் கீழே வைத்தார். கதிரை ஒன்று நிலத்தில் அரக்கி இழுபட்டது. ஒரு பெருமூச்சு கேட்டது. வேறு ஒரு சீவன் அந்த அறைக்குள் மூச்சு விட்ட சத்தம் எனக்குக் கேட்கவில்லை. கோழி மெசின்களின் இரைச்சலுக்குள்ளே ஆள் கூப்பிடுவதைப் பிடித்துப் பழகிய காது இது. பிறகு ஃபோனை எடுத்தார்.

"ஓமாம் அன்ரி. ஆனால் ஒரு வாய் எடுத்தால் நிக்குமாம்."

பாயாசக் கிளாஸ்

ஒரு நாளைக்கு எவ்வளவு குடிக்கிறார் என்று கேட்டால் எங்கள் ஆட்கள் கிளாசில்தான் கணக்குச் சொல்வார்கள். தயாவின் நண்பர் இரண்டு கிளாஸ், விருந்தாளிகள் வந்தால் மூன்று. அந்தப் பதிலில் பிழை இல்லை. ஆனால் கிளாஸ் என்ன கிளாஸ் என்று பார்க்கவேண்டும். இந்த நாட்டில் விஸ்கிக்கு ஒரு அளவு வைத்திருக்கிறார்கள். ஒரு சின்னக் கிண்ணம், இருமலுக்கு மருந்து விட்டுக் குடிக்கிற அளவு. வெள்ளைக்காரர் ஒன்று என்று சொன்னால் அதைத்தான் சொல்கிறார்கள்.

எங்களுக்கு ஒரு வழி இருக்கிறது. வழக்கமாகக் குடிக்கிற கிளாசை எடுத்துவந்து, வழக்கமாக விடுகிற மட்டத்துக்குத் தண்ணீர் விடச் சொல்வோம். பிறகு அதை அளவுக் கிண்ணத்தால் அளந்து பார்க்கச் சொல்வோம். அன்று வீட்டில் ஒருவரும் இல்லை. தயா குசினிக்குப் போனார். கிளாஸ் எப்படிப்பட்டது என்று கேட்டேன். கலியாணத்துக்கு வந்ததாம், முந்தி பாயாசம் குடுக்கிறது என்றார். பைப் திறந்தது. நான் காத்துக்கொண்டிருந்தேன். பைப் பூட்டுப்படவில்லை. நான் தண்ணீர் குடித்தேன், கண்ணாடியைத் துடைத்துப் போட்டேன். அதற்குப் பிறகுதான் பூட்டினார். அடுத்தது அளவுக் கிண்ணத்தில் விட்டு விட்டு ஊற்றுகிற சத்தம். முதலில் வாய் விட்டு எண்ணினார். பிறகு மனதுக்குள் எண்ணினார். கடைசியில் எண்ணுகிறதையும் விட்டுவிட்டு ஊற்ற மட்டும் செய்தார்.

ஊற்றி முடித்து, அளவுக் கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஃபோனை எடுத்தார்.

"அன்ரி, நண்பருக்கு இதைச் சொல்லத்தான் வேணுமோ?"

சோலார்

அதற்குப் பிறகு ஒவ்வொரு புதன்கிழமையும் பின்னேரம் நான் அவருக்கு எடுப்பதென்று ஏற்பாடு. பக்கத்தில் ஆள் நின்றால் தயா, சோலார் வேண்டாம் என்று சொல்லி வைத்துவிடுவார். கூரையில் சோலார் தகடு பூட்டித் தருகிறோம் என்று இங்கே நாளுக்கு நாலு பேர் எடுப்பார்கள் அல்லவா, அந்தக் கணக்கில் என்னையும் சேர்த்துவிட்டார். அரைமணித்தியாலம் கழித்து நாய்க்கு நடை காட்டுகிற சாட்டில் வெளியே வந்து எனக்கு எடுப்பார். சில நாட்களில் நாயும் களைத்துப்போய்ப் புல்லில் படுத்துவிடும். நடை முடிந்தும் கதை முடியாது.

ஒரு புதன்கிழமை அவர் சோலார் என்று சொல்லி முடிக்க முன்னம் அவருடைய மனைவி ஃபோனை வாங்கிவிட்டார். வதனா என்று சொல்லுவோம். நான் ஒன்றும் சொல்ல முடியாது. எடுத்தவருடைய சம்மதம் இல்லாமல் வீட்டாருக்கு ஒரு சொல்லும் சொல்லக்கூடாது என்பது எங்கள் சட்டம். சோலார் விற்கிறேன் என்று பொய்யும் சொல்லக்கூடாது. அதனால் வணக்கம் என்று மட்டும் சொன்னேன். வதனாவுக்கு அதுவே போதும். எத்தனை தகடு, எந்தப் பக்கத்துக் கூரை, தங்களுடைய கூரை ஓடா தகரமா என்று எல்லாம் வரிசையாகச் சொன்னார். நான் ஓம் என்றேன். இந்த வயதில் சோலார் விற்க வந்திருக்கிறீர்களே, பிள்ளைகள் பார்க்கிறதில்லையோ என்று கேட்டார். அதற்கும் ஓம் என்றேன். அதற்குப் பிறகு குரலைக் குறைத்துக்கொண்டு ஒன்று சொன்னார். அன்றைக்கு நான் வீட்டுக்குப் போகும்வரை அது என் காதில் நின்றது.

"தகடு போடுறதெண்டால் கெதியாப் போட்டு முடியுங்கோ அன்ரி. உங்களோட கதைச்ச நாளில இந்த மனுசன் சாப்பிடாமல் ஒரு மூலையில இருந்து யோசிச்சுக்கொண்டிருக்கிறார். பாக்க எனக்குப் பயமாக் கிடக்கு."

விரதம்

டொக்டரிடம் போங்கோ என்று சொல்லிச் சொல்லி என் வாய் நொந்தது. வழக்கமாகப் போகிற தமிழ் டொக்டரிடம் நண்பர் போக மாட்டாராம், டொக்டரின் மனைவியும் நண்பரின் மனைவியும் ஒரே தேவார வகுப்பாம். அப்படியென்றால் ஒரு வெள்ளைக்கார டொக்டரைப் பாருங்கோ என்றேன். பார்ப்பாராம், ஸ்கூல் லீவு முடியட்டுமாம். இப்படி இருக்கும்போதுதான் கந்தசட்டி வந்தது. ஒரு நாள் தயா தானாகவே எடுத்தார். குரலில் அப்படி ஒரு சந்தோசம். கேரம் டவுன்ஸ் கோயிலில் காப்புக் கட்டியாச்சு, ஆறு நாளும் பாலும் பழமும்தான், இண்டையிலிருந்து நண்பர் ஒரு சொட்டும் தொடமாட்டார், இனிச் சீவியத்துக்கும் தொடமாட்டார் என்றார்.

ஃபோனைக் கையால் பொத்திக்கொண்டேன். லெஸ்லியிடம் சொன்னேன். அவள் எழும்பி வந்து என் கதிரைக்குப் பின்னால் நின்றுகொண்டாள். முதலில் டொக்டர், பிறகு மருந்து, அதற்குப் பிறகுதான் நிப்பாட்டலாம். அதுவரைக்கும் அளந்து அளந்து குறைக்கவேண்டும், வயிற்றுக்குச் சாப்பிடவேண்டும். அவள் சொல்லச் சொல்ல நான் தமிழில் சொன்னேன். குடியை நிப்பாட்டச் சொல்வதற்குச் சம்பளம் வாங்குகிற நான், தம்பி தயவுசெய்து இண்டைக்கு நிப்பாட்டாதேங்கோ என்று கெஞ்சிக்கொண்டிருந்தேன். விரத நாளில், காப்புக் கட்டின கையோடு ஒரு ஆளைக் குடிக்கச் சொன்ன பாவம் எந்தக் கணக்கில் போகும் என்று எனக்குத் தெரியாது. தயாவுக்கும் அதே யோசனைதான். முருகனிட்டைச் சொன்னதை எப்பிடி அன்ரி மாத்துறது என்று கேட்டார்.

அதற்குள் வதனா ஃபோனை வாங்கினார். சோலாரின் கதையைத் தயா அன்று காலையே மனைவியிடம் சொல்லி, என்னோடு கதைக்கவும் விட்டுவிட்டாராம். என்னிடம் மட்டும்தான் இன்னும் நண்பர். எல்லாவற்றையும் நான் வதனாவுக்குத் திரும்பச் சொன்னேன். வலிப்பு என்றேன், உயிர் என்றேன், நடுக்கமோ வேர்வையோ கண்டால் உடனே ஆஸ்பத்திரி என்றேன். கேட்டு முடித்துவிட்டு வதனா சொன்னார்.

"கலியாணம் கட்டின நாளிலயிருந்து நான் கும்பிட்டுக் கேட்டதை முருகன் இப்பதான் அன்ரி தந்திருக்கிறார். நீங்கள் குறுக்கால நிக்காதேங்கோ."

மூன்றாம் நாள்

அன்று பின்னேரமும் அடுத்த நாளும் நான் எடுத்தேன். ஒருவரும் ஃபோனை எடுக்கவில்லை. மூன்றாம் நாள் பின்னேரம் வதனாவே எடுத்தார். பின்னால் ஆட்களின் சத்தமும் மணிச் சத்தமும் கேட்டது. இவருக்கு உடம்பு முழுக்க நடுங்குது, வேர்த்து ஒழுகுது, வேலிப் பக்கமாய் ஆரோ நிற்கிறதாகச் சொல்லுறார் என்றார். விரதத்துக்குக் கும்பிட வந்திருந்த சொந்தக்காரர் முருகன் இவரில் வந்திட்டார் என்கிறார்களாம். விபூதி பூசிக் கற்பூரம் கொளுத்தியிருக்கிறார்களாம். வதனாவின் குரலில் பாதி பக்தி, பாதி பயம். ஃபோனை அவரிடம் குடுங்கோ என்றேன். குடுத்துவிட்டு வதனா வந்த ஆட்களைப் பார்க்கப் போய்விட்டார்.

தயாவின் பல் கிடுகிடென்று அடிக்கிற சத்தம் ஃபோனில் கேட்டது. சுவர் முழுக்க எறும்பு ஏறுது அன்ரி என்றார். நான் கையைக் காட்டினேன். லெஸ்லி மற்ற ஃபோனில் அம்புலன்சுக்கு எடுத்துவிட்டாள். அவர்கள் முகவரி கேட்டார்கள். எங்களிடம் ஒருவருடைய முகவரியும் இல்லை. எடுக்கிறவர்கள் பயப்படாமல் கதைக்கவேண்டும் என்பதற்காக நாங்கள் அதைக் கேட்பதே இல்லை.

தம்பி, உங்கட நண்பர் இருக்கிற வீடு எது, சொல்லுங்கோ, நான் ஆள் அனுப்புறன் என்றேன். வேறு எப்படிக் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை. அந்த நிலையிலும், நான் யாரை நண்பர் என்று சொன்னேன் என்பது அவருக்கு விளங்கியது. வீட்டு இலக்கத்தைச் சொன்னார். தெருவைச் சொன்னார். நான் சொல்ல லெஸ்லி சொன்னாள். ஆளின் பெயர் என்ன என்று அம்புலன்ஸ்காரர் கேட்கிறார்கள் என்றேன்.

"இஞ்ச நண்பர் எண்டு ஒருத்தரும் இல்லை அன்ரி. நான் மட்டும்தான்."

யார் அனுப்பினது

அம்புலன்ஸ் வாசலுக்கு வந்த பிறகுதான் வலிப்பு வந்தது. அம்புலன்ஸ் வர முன்னம் வந்திருந்தால் ஆள் தப்பியிருப்பது சந்தேகம் என்றாள் லெஸ்லி. கன நாட்கள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். உடம்பை மெல்ல மெல்லப் பழக்கி, மருந்து குடுத்து, விற்றமின் ஊசி போட்டு அனுப்பினார்கள். அங்கே இருந்த டொக்டர், இனித் திரும்பத் தொடங்கினால் அடுத்தமுறை தன்னால் உறுதி தர முடியாது என்று முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறார். வதனா தன்னுடைய விரதத்தை விடவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தே ஆறு நாளையும் முடித்தாராம்.

பிறகு ஒரு நாள் வதனா எனக்கு எடுத்தார். நன்றி என்று சொல்லவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. அன்ரி, சாப்பிட்டாச்சோ என்று கேட்டார். எங்களுக்குள் அது எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான். பிறகு, முருகன்தான் அந்த நேரம் பார்த்து அம்புலன்சை அனுப்பினவர் என்றார். நான் ஓம் என்றேன். அன்று அம்புலன்சுக்கு எடுத்தது லெஸ்லி என்றபடியால் இந்தத் தகவலை அவளுக்குத் தெரியப்படுத்துவது நியாயம் என்று நினைத்து, ஆறுமுகங்களையும் வேலையும் மயிலையும் என்னுடைய இங்கிலிசில் முடிந்தளவு விளங்கப்படுத்தினேன். லெஸ்லி தேத்தண்ணியைக் கலக்கிக்கொண்டு பொறுமையாகக் கேட்டாள்.

"பரவாயில்லை. அடுத்தமுறை முதல் நாளே அனுப்பச் சொல்லு."

நல்ல விருந்தோம்பல்

தயா அதற்குப் பிறகு தொடவில்லை. மாதங்கள் போயின. புதன்கிழமைகளில் நாங்கள் கதைப்பது மட்டும் நிற்கவில்லை. இப்போது வீட்டுக்குள் இருந்தே, சத்தமாகவே கதைப்பார். ஒரு விருந்துக்கும் அவர் போகவில்லை. ஆனால் எத்தனை நாளைக்குத்தான் ஒரு மனிசன் காய்ச்சல் என்று சொல்லலாம்? நல்ல குளிர்காலத்தில் பாலா என்கிற சிநேகிதருடைய ஐம்பதாவது பிறந்தநாள் வந்தது. பாலா உண்மையாகவே நண்பர். பெண்கள் வீட்டுக்குள், ஆண்கள் கராஜில் கதிரை போட்டு இருப்பது என்று ஏற்பாடு. தயா பாலாவின் வீட்டு வாசலில் காரை நிப்பாட்டிவிட்டு, இறங்காமல் எனக்கு எடுத்தார். பக்கத்தில் வதனாவின் மூச்சு கேட்டது. உள்ளே போனால் குடிப்பேனோ தெரியாது, போகாவிட்டால் எனக்கு இனி ஆட்களே இல்லை என்றார்.

இதற்கு நாங்கள் முதலே ஒரு யுக்தி பேசி வைத்திருந்தோம். எங்கள் சனத்திடம் வேண்டாம் என்று சொன்னால் ஏன், எதற்கு, டொக்டர் சொன்னவரோ, மனிசி சொன்னவளோ என்று ஏழு விளக்கம் குடுக்கவேண்டும். கையில் நிறைந்த கிளாஸ் இருந்தால் ஒருவரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். அதனால் போனவுடன் இஞ்சிச் சோடாவைக் கிளாசில் விட்டுக் கையில் பிடித்துக்கொள்ளவேண்டும். நிறமும் அதே நிறம். தயா போனார், விட்டார், பிடித்தார். எல்லாம் சரியாகத்தான் நடந்தது. ஆனால் நானும் லெஸ்லியும் பாலாவைக் கணக்கில் எடுக்கவில்லை. பாலா நல்ல விருந்தோம்பல் உள்ள ஆள். தயாவின் கிளாஸ் கொஞ்சம் குறைந்ததைக் கண்டவுடன், கேட்காமல் கொள்ளாமல் விஸ்கியை விட்டு நிரப்பிப்போட்டுப் போய்விட்டார். தயா கிளாசோடு நின்றார். மணம் மூக்குக்கு வந்ததாம். கை தன் பாட்டில் வாய்ப் பக்கம் போனதாம். பக்கத்தில் ஒரு பெரிய சட்டியில் பாலாவின் மனைவியின் கறிவேப்பிலை மரம் நின்றது. குளிருக்குப் பட்டுப்போகாமல் கராஜுக்குள் கொண்டுவந்து, இரவில் பெட்சீட்டால் போர்த்திப் பிள்ளையைப் போலப் பார்த்து, ஆள் உயரத்துக்கு வளர்த்த மரம். தயா கிளாசை அதன் அடியில் கவிழ்த்தார். வெறும் கிளாசைக் கண்டால் பாலாவுக்குப் பொறுக்காது. வந்து நிரப்பினார். தயா கவிழ்த்தார். இரவு முழுக்க இரண்டு பேரும் இப்படியே தங்கள் தங்கள் கடமையைச் செய்தார்கள். தயா இண்டைக்கு நல்லா எடுக்கிறான் என்று பாலாவுக்கும் பெரிய சந்தோசமாம்.

ஒரு மாதத்துக்குப் பிறகு வதனா எடுத்தார். பாலாவின் மனைவி கோயிலில் வந்து நின்று கண்கலங்கினாராம். போர்த்தியும் மரம் குளிருக்குப் பட்டுப்போச்சுது, என்ன பிழை விட்டேனோ தெரியாது என்று ஆளாளிடம் கேட்டாராம். விஸ்கி ஊற்றின கதைக்கு வதனா வாயைத் திறக்கவில்லை. புளித்த மோர் ஊற்றிப் பாருங்கோ என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தாராம். சொன்னது சரியோ அன்ரி என்று என்னிடம் கேட்டார். நான் புத்தி சொல்லக்கூடாத வேலையில் இருக்கிறேன் என்றேன். வதனா சிரித்தார். பிறகு சிரிப்பை நிப்பாட்டினார்.

"இலை முழுக்கக் கொட்டிட்டுது அன்ரி, பாக்கப் பாவமாத்தான் கிடந்தது. ஆனால் கலியாணம் கட்டி இவ்வளவு காலத்தில, ஒரு பார்ட்டியால வீட்டுக்கு வரேக்க அண்டைக்குத்தான் இவர் கார் ஓட, நான் பக்கத்தில இருந்து நித்திரை கொண்டனான்."

ஒரு மனிசன் தப்புவதற்கு ஒரு கறிவேப்பிலை மரம் போவது எங்கள் தொழிலில் நல்ல லாபம்தான், ஆனால் மெல்பன் குளிரில் அந்த மரத்தை வளர்த்த ஒருத்திக்கு முன்னால் இதைச் சொல்லிப்போட்டு முழுசாக வீடு போய்ச் சேருகிற பயிற்சியை எனக்கு இன்னும் ஒருவரும் தரவில்லை.